தலை நிமிரா வேளை

நூல் பயிலும் நல்லோரே, நான் சொல்லப்போகும் மழை ஐப்பசியின் இறுதியில் பெய்ததா, கார்த்திகை பிறந்தபின் பெய்ததா என்பதை என் நினைவு உறுதியாகச் சொல்ல மறுக்கிறது. அன்று மலை தெளிவாகத் தெரிந்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. முகில் அதனை முற்றிலும் விழுங்கியிருந்தது என்று மறுநாள் தோன்றுகிறது. நான் கண்டதும் பிறர் சொல்லக் கேட்டதும் கலங்கிய நீரும் சேறும்போல ஒன்றாகிவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் எனக்கில்லை. ஆகவே கலந்தபடியே தருகிறேன்.

மேற்கே, செண்பகத்தோப்பின் அடர்காட்டை மடியில் கிடத்திக்கொண்டு நெடுமலைத்தொடர் கருநீல மதிலென நீண்டு கிடக்க, அதன் முடியினின்று இறங்கிய முகில் திருவில்லிபுத்தூரின் உயர்கோபுரத்தை நனைத்து, தென்னந்தோப்புகளைக் கடந்து, இராசபாளையத்து நூற்பாலைகளின் நெடிய கூரைகள்மேல் வந்து கவிந்து, பிற்பகல் மூன்று மணியையே அந்தியாக்கிவிடும் பருவம் அது. ஊரின் விளிம்பில், நூற்பாலை ஒன்றன் பின்மதிலை ஒட்டி ஒரு பழைய பள்ளி இருந்தது. நூல் நூற்கும் கதிர்கள் சுழலும் இரைச்சல், கலைக்கப்பட்ட தேனடையின் சீற்றம்போல், அப்பள்ளியின் எல்லா வகுப்புகளிலும் பகல் முழுதும் நிறைந்திருந்தது. ஓர் அறையில் மட்டும் அது கேட்காது. பள்ளியின் பின்புறத்தே, பழங்காலத்துத் தடித்த சுவர்களோடும் மரவிட்டங்களோடும், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறை அது.

திருவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் மாரிக்கனி அம்மையார், எட்டாம் வகுப்பின் தமிழாசிரியை, அந்த அறையைக் கேட்டு வாங்கித் தூசு தட்டினார். வாசியுங்கள் என்று அவர் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லவில்லை. கதைநூல்களைத் தரையில் பரப்பி, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடவும் இசைவு தந்தார். படித்தபின் கேள்வி கேட்டு எவரையும் வருத்தவில்லை. கிழிந்த நூல்களுக்கு, பிள்ளைகள் தம் வீட்டார் வேலை செய்யும் தறிக்கூடங்களிலிருந்து கொணர்ந்த காயத்துக்குக் கட்டும் துணியின் வெட்டுத்துண்டுகளைப் பசையிட்டு ஒட்டி முதுகு கட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் வாசிக்கும்போது அவரும் அவர்கள் நடுவே தரையில் அமர்ந்து தம் நூலை வாசித்தார். அவர் விதித்த கட்டளை ஒன்றே ஒன்று: நாளின் கடைசிப் பாடவேளையில், எந்த ஓசை கேட்டாலும், மணி அடிக்கும்வரை எவரும் தலை நிமிரலாகாது.

அக்கட்டளை வேர் பிடித்தது. ஒருநாள் கல்வித்துறை அதிகாரி ஒருவர் முன்னறிவிப்பின்றி வாயிலில் வந்து நின்று, இருமி, பின் கதவைத் தட்டியும், குளத்தில் விழுந்த நிலவுகள்போல் அசையாதிருந்த அச்சிறு தலைகளில் ஒன்றேனும் உயரவில்லை. அவர் வியந்து திரும்பினார். அம்மையாரின் உள்ளம் அன்று பூரித்தது.

ஆனால் சில நாள்களாகவே ஏட்டின்மேல் சுண்ணாம்புத் துகள் உதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதை ஊதிவிட்டுப் பக்கம் புரட்டினர். அம்மையாரும் ஊதிவிட்டுப் பக்கம் புரட்டினார்.

தலைமையாசிரியர் வைகுண்டராஜ் ஒருநாள் அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"அந்த ரூமு வேண்டாம்மா. செவரு ஊறிப்போய்க் கிடக்கு. பூட்டிருவோம்."

"நீங்க பூட்டுனா பொறவு தெறக்க மாட்டீக சார். அந்த வேளையையும் தூக்கிக் கணக்குக்குக் குடுத்துருவீக."

"கணக்கும் வேணும்லம்மா! பிள்ளைக பாஸாக வேண்டாமா?"

"மழை வெறிக்கட்டும் சார், காரை பூசிக்கிடலாம். இப்பத்தான் ஒண்ணொண்ணும் ஒக்காந்து படிக்குதுக. விட்டா சிதறிரும்."

"சொல்லுதீக, கேக்கேன். பொறவு என்னையச் சொல்லப்படாது" என்று சிரித்தபடி அவர் போய்விட்டார்.

விட்டத்தின் ஓரத்தில் ஓடிய விரிசலை அம்மையார் அறியாதிருந்தார் என்று எழுத என் கை விரும்புகிறது. ஆனால் அவர் அறிந்திருந்தார். சொன்னால் அறை போகும். அறை போனால், ஓராண்டு நீர் வார்த்து வளர்த்த அந்த அமைதியும் போகும். ஆகவே மேலே நோக்க நேரும்போதெல்லாம் அவர் நூலை நோக்கினார்.

அவ்வகுப்பில் முனீஸ்வரி என்றொரு சிறுமி. எழுத்துகள் அவளுக்கு வசப்படவில்லை. நூலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இமையிடுக்கு வழியே மேற்கூரையைப் பார்த்திருப்பாள். வாசிப்பு தொடங்குமுன் ஒருநாள் அம்மையார் அவளைக் கேட்டார்:

"ஏட்டி முனீசு, கதை புக்குலல்ல இருக்கு? மேல என்னத்தப் பாக்கே?"

"அங்கயும் ஒண்ணு ஓடுது டீச்சர். நேத்து சன்னல் வரைக்கும்தான் இருந்துச்சு. இன்னைக்கு விட்டத்தைத் தாண்டிட்டு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "இவளுக்குப் பல்லி எழுதுன கதைதான் டீச்சர் பிடிக்கும்" என்றாள் அசீனா. கடைத்தெருத் துணிக்கடைக்காரர் சாகுல் ஹமீதின் மகளான அவளே அவ்வகுப்பின் தலைசிறந்த வாசகி. அம்மையாரும் சிரித்தார், ஆனால் அச்சிரிப்பு உதட்டளவில் நின்றுபோயிற்று.

இரவெல்லாம் பெய்து பகலிலும் ஓயாத மழையின் நடுவே, அந்த நாளின் கடைசி வேளை பிறந்தது. எல்லோரும் குனிந்திருந்தனர். மரத்தினுள்ளிருந்து, பல்லைக் கடிப்பதுபோல் மெல்லிய ஓசையொன்று எழுந்தது.

"டீச்சர், மேல பாருங்க" என்றாள் முனீஸ்வரி.

அம்மையார் தலை நிமிராமலே விரலை உதட்டில் வைத்தார்.

"டீச்சர், சத்தியமா விட்டம் எறங்குது!"

"ஏட்டி, சும்மா கெட. கதை நல்ல எடத்துல நிக்கி" என்று எவளோ குனிந்தபடியே முணுமுணுத்தாள்.

முனீஸ்வரி எழுந்தாள். அருகிலிருந்தவன் கையிலிருந்த நூலைப் பறித்து, கதவு வழியே மழையில் நனையும் முற்றத்தில் எறிந்தாள், அடுத்ததைப் பறித்தாள், வெறிகொண்டவள்போல் வரிசை வரிசையாய் ஓடிப் பறித்துப் பறித்து எறிந்தாள். எந்த ஓசைக்கும் நிமிராத பிள்ளைகள், தம் நூல்கள் சேற்றில் விழக் கண்டதும், "ஏ, என் புக்கு!" என்று அலறி எழுந்து, ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தனர்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சினந்து அவர்கள் பின்னே ஓடிய அம்மையார், வாயிற்படியில் கால் வைத்தபோதுதான் திரும்பிப் பார்த்தார். தொலைமூலையில், முனீஸ்வரியின் கை எட்டாத இடத்தில், அசீனா கதையின் கடைசிப் பக்கங்களில் ஆழ்ந்து குனிந்திருந்தாள்.

"அசீனா! நிமிர்ந்து பாரு!"

அக்குரல் அவள் செவியில் விழுந்திருக்கும். ஆனால் நிமிராதே என்று ஓராண்டாய் அவளைப் பழக்கியதும் அதே குரலன்றோ? அவள் அந்த வரியை முடிக்கும்வரை பொறுத்தாள். மேற்கூரை பொறுக்கவில்லை.

ஒரு பிள்ளையை நூலினுள் ஆழ்த்துவது ஆசிரியர் தரும் கொடைகளுள் பெரியது. அதனை நான் இன்றும் மறுக்கேன். ஆழ்ந்திருப்போர்க்காகக் கரையில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவ்விழிப்பு வாசிக்கத் தெரியாத ஒரு சிறுமியிடம் விடப்பட்டிருந்தது.

அசீனா அவ்வறையிலேயே இறந்தாள். சாகுல் ஹமீது கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கடையநல்லூருக்குப் போனார். வைகுண்டராஜ் பணியினின்று நீக்கப்பட்டு, வழக்கு முடியுமுன்னே நோயுற்று மறைந்தார். மாரிக்கனி அம்மையார் தற்காலிகப் பணிநீக்கத் தண்டனையைக் கழித்துத் திருவில்லிபுத்தூரில் வேறொரு பள்ளியில் பணிபுரிகிறார். பிள்ளைகள் வாசிக்கும்போது அவர் அமர்வதுமில்லை, நூலைக் கையில் எடுப்பதுமில்லை. முனீஸ்வரி பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. மணமாகிச் சங்கரன்கோவில் பக்கம் வாழ்கிறாள். வாசிக்க அவளுக்கு இன்றும் வராது. நூலைத் தேடி அன்று முற்றத்துக்கு ஓடிய பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.