இரண்டு கணக்கும் ஒன்றாக வந்த நாள்

எனக்கும் என் கணவருக்கும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ஒரே கேள்விக்குத்தான் விடை தேடினோம், ஆனால் வேறு வேறு குழுவில். துகள்களை மோதவிட்டால் இரண்டு புதுத் துகள்கள் பிறந்து ஆளுக்கொரு திசையில் சிதறி ஓடும். ஓடிய பிறகும் அவற்றின் சுழற்சிகள், எவ்வளவு விலகினாலும் ஒன்றோடொன்று ஒத்தே இருக்கும் குவாண்டம் பிணைப்பில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சிதறிய கோணங்களை அளந்து ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அது ஒரு எல்லையைத் தாண்டினால் பிணைப்பு உறுதி. தாண்டாவிட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

ஒருவர் செய்யும் தப்பு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இரண்டு குழு. முடிவைத் திறக்கும் நாள்வரை ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கக் கூடாது. எங்கள் தலைவருக்கு 'ஜட்ஜ்' என்று பட்டப்பெயர். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். நாங்களும் விடவில்லை. ஒழுகும் குழாயையும் மாமியாரின் முழங்கால் வலியையும் வைத்தே ஒரு வருஷப் பேச்சை ஓட்டினோம்.

அந்தக் குழாய்க்காரரின் போன் நம்பரைத் தேடித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் பையைத் துழாவினேன். மடித்த தாள் ஒன்று வந்தது. அதில் அவர் கணக்கில் வந்த எண், கீழே இரண்டு கோடு. எல்லையைத் தாண்டியிருந்தது. என்னுடையது தாண்டவில்லை.

அவர் நிதானமானவர். நான் அவசரக்குடுக்கை, மாமியார் வைத்த பெயர். அப்படியானால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினேன். எந்த மோதலை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கு ஓர் அளவு உண்டு. விடையைப் பார்த்துவிட்டு அதை மாற்றக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். மறுநாள் அதைத்தான் நூலிழை நகர்த்தினேன். காரணம் தேடினால் காரணத்துக்கா பஞ்சம்? என் எண்ணும் தாண்டியது.

திறக்கும் நாளில் இரண்டு எண்களும் திரையில் ஒட்டிப் பிறந்தவை மாதிரி நின்றன. எல்லோரும் கைதட்டினார்கள், ஜட்ஜ்கூடச் சிரித்தார். நான் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். அதன்பின் மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் பாராட்டினாலும் கூசியது.

கட்டுரை நாளை பத்திரிகைக்குப் போகிறது என்ற நிலையில், இன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே என் கணவர் பேச்செடுத்தார்.

"இப்போ சொல்லலாம்ல. ஓரத்துல இருக்கிற கருவி ஒண்ணு கோணத்தைக் கூட்டிக் காட்டுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. திரும்பப் போட்டுப் பாக்கணும்னு நெனச்சேன். உன் எண்ணும் அதேதான்னு தெரிஞ்சதும் விட்டுட்டேன். நீ தனியாப் போட்ட கணக்காச்சே."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஊர் நம்பியதைவிட இவர் நம்பியதுதான் என்னைச் சுட்டது.

"நான் தனியாப் போடலங்க. உங்க பையில இருந்த தாளைப் பாத்துட்டேன். அதுக்கப்புறம் மாத்தினேன்."

குழாயை மூடினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பார்ப்பதற்கு முன்னால் என் எண் என்ன என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்து, அந்த ஓரத்துக் கருவியை விலக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓடவிட்டார். நாற்பது நிமிஷம் ஆனது. அவர் எண் இறங்கி, எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றது. நான் முதலில் போட்ட எண்ணுக்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம்.

நான் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்; என் பழைய அளவு அந்தக் கருவி பதிந்த மோதல்களை முதலிலேயே தள்ளியிருந்தது. அவசரக்குடுக்கை அவசரப்படாமல் செய்த ஒரே காரியத்தை நானே கெடுத்திருக்கிறேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் கைதட்டினப்போ எனக்கு எதுல சந்தோஷம் தெரியுமா? கண்டுபிடிச்சுட்டோம்னு இல்ல. ஒரு வார்த்தை பேசிக்காமலே நீயும் நானும் ஒண்ணா யோசிச்சிருக்கோமேன்னுதான்."

உண்மையிலேயே ஒன்றாகத்தான் யோசித்திருந்தோம். அதை அவரிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போனை எடுத்து ஜட்ஜின் நம்பரை அழுத்தினேன்.