ஏழும் பச்சை

1

இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து பிறந்தது. போன வியாழக்கிழமை, யேனா நகரத்தில் ஒளி உணரிகள் செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு ரோஸ்வித்தா சுட்டுக் கொண்டுவந்த பிளம் பழக் கேக். எங்கள் வழக்கப்படி கொண்டாட்டம் யாருடையதோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அன்று பழுதே இல்லாத நூறாவது நாள். பரிசோதனை அவள் பொறுப்பு, ஆகவே கேக்கும் அவள் பொறுப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: [வெளிச்சத்துக்குக் கண் செய்து கொடுப்பவர்கள் நாங்கள்…] விளம்பரப் பலகை மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.

அடுத்தது: [ரோஸ்வித்தா இயந்திர வரிசையை நிறுத்தச் சொன்னாள், ஏனென்றால்…] அந்த 'ஏனென்றால்' புரிய, முதலில் திருடனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

திருடன் என்பது மிளகளவு உணரி. தெரிந்தே வைத்திருக்கும் பழுதான உணரி. தினமும் காலை ஆறு பத்துக்கு அதைப் பரிசோதனைத் தட்டின் முதல் குழியில் வைத்துப் பரிசோதனைக் கேமராவுக்கு அனுப்புவோம். சிவப்பு எரிந்தால் கேமரா என்ற காவல்காரன் விழித்திருக்கிறான் என்று பொருள். கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவோம். அதே திருடன், அதே குழி, அதே நேரம். வேலை முறையை எழுதிவைத்த விதித்தாள் அப்படித்தான் சொல்கிறது, விதித்தாளை நாங்கள் மீறுவதில்லை.*

(* பெருமைக்காகச் சொல்லவில்லை.)

வியாழனன்று ரோஸ்வித்தாவின் இடுக்கி நழுவியது. திருடன் தரையில் விழுந்து நொறுங்கினான்.

"நூறாவது நாளும் அதுவுமா கொன்னுட்டியே!" என்று சிரித்தான் ஹென்னிங். தானே கற்றுக்கொள்ளும் அந்தக் கேமராவை அமைத்த பொறியாளர் அவன். "கேக்குல ஒரு துண்டு அவனுக்கும் எடுத்து வை."

"உன் பங்குலேர்ந்து வைக்கிறேன், போ."

பழைய கழிவுப் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்தாள். லென்ஸ் மேல் பசை வழிந்து கண்ணே மூடிப்போன உணரி. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பழுதென்று சொல்லிவிடும்.

பச்சை எரிந்தது.

மறுபடி வைத்தாள். பச்சை. விரிசல் விட்ட ஒன்றை வைத்தாள். அதுவும் பச்சை. மொத்தம் ஏழு வைத்துப் பார்த்தாள், ஏழும் பச்சை. ரோஸ்வித்தா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

3

(இது கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் இயந்திர வரிசை எதற்கும் வளைந்து கொடுக்கும். காலையில் காருக்கான உணரி செய்யும், மதியம் மருத்துவமனைக்கானது செய்யும். எதையும் வீணாக்காது, பழுதானதைப் பிரித்துத் தங்கத்தையும் கண்ணாடியையும் மீட்டுவிடும். கேமரா வாரந்தோறும், ஒதுக்கப்பட்டவற்றின் படங்களிலிருந்து பாடம் படிக்கும். வேலை சுத்தமானது, பழுது குறைந்தது. குறையக் குறைய, தவறாமல் அதன் முன்னால் வந்து நின்ற பழுது திருடன் மட்டும்தான். பழுது என்றால் இந்த ஒரு முகம்தான் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. மற்ற எல்லோரும் அதற்கு நல்லவர்கள்.

மருத்துவமனை உணரியைக் குறைமாதக் குழந்தையின் பாதத்தில் ஒட்டுவார்கள். தோலுக்குள் செவ்வொளி போய்வருவதைப் பார்த்து ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அது சொல்லும். கண்ணைப் பசை மூடியிருந்தால் பொய் சொல்லும். குழந்தை நீலம் பாரித்துக் கிடக்கும்போதும் திரையில் தொண்ணூற்றெட்டு என்று காட்டும். நூறு நாளில் நாற்பத்தோராயிரம் அனுப்பியிருக்கிறோம்.

4

ஹென்னிங் பாத்திரம் சரியாக அமையவில்லை. முதல் வரைவில் ரோஸ்வித்தா சொன்னதும் பாய்ந்துபோய் வரிசையை நிறுத்துகிறான். இரண்டாவதில், சரக்கு ஏற்றிய லாரியை வாசலில் மறிக்கிறான். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவதில், பேசியதைப் பேசியபடி எழுதினேன்:

"ஹென்னிங், உன் கேமரா குருடு. வரிசைய நிறுத்து. போனதையெல்லாம் திரும்ப வரவழைக்கணும்."

"மெதுவாப் பேசு. டைரக்டர் அங்கதான் நிக்கிறாரு."

"கொழந்தைங்க கால்ல ஒட்டுற சாமான்டா!"

"தெரியும். கேக் வெட்டி முடியட்டும். திங்கக்கெழம பேசிக்கலாம்."

லாரி இரண்டு மணிக்குப் போனது. ஹென்னிங் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டான். மூன்று வரைவுகளில் இதில்தான் பொய் இல்லை.

ஹென்னிங் நான்தான்.

5

இன்று ஞாயிறு மதியம். முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: போன நாற்பத்தோராயிரமும் நல்லவைதான் என்று தெரியவருகிறது. [ஆசையைப் பார்.]

முடிவு ஆ: [ஏதோ ஒரு ஊரில், ஒரு குழந்தை…] இதற்கு மேல் எழுத வரவில்லை.

ரோஸ்வித்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். வாங்கியவர்களுக்கு அவள் வெள்ளியன்றே தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். முறைப்படி, சரக்கைத் திரும்பப் பெறும் படிவம் வேண்டும் என்றார்களாம். படிவத்தில் வரிசைப் பொறியாளரான என் கையெழுத்து இல்லாவிட்டால் செல்லாது. நான் மூன்று நாளாக அவள் அழைப்பை எடுக்கவில்லை. சமையலறை மேசையில் கிடந்த இந்தத் தாள்களை அவள் நின்றபடியே படித்தாள்.

"கதையா எழுதிட்டிருக்க? யாருக்கு?"

"வாசகருக்கு."

"அவங்களா வந்து கையெழுத்துப் போடப்போறாங்க? பேனாவைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கியே, எரும!"

படிவத்தைக் கதையின் மேலேயே வைத்தாள். போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

படிவம் ஒவ்வோர் ஊராகப் போய்ச் சேர நாளாகும். முடிவை நான் எழுதப்போவதில்லை, அது எனக்குத் தெரியாது. குறைமாதக் குழந்தை ஒன்றின் பக்கத்தில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருந்தால், திரையில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். குழந்தையின் உதட்டைப் பாருங்கள்.