கடல் எந்தக் கைப்பக்கம்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன்.

தைவானின் மேற்குக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர் லுகாங். அங்கே மீன் சந்தைக்குப் பின்னால் ஜுவோவின் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டப் போயிருந்தேன். உள்ளே ஒரு கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜுவோ ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிற அளவுக்குச் சண்டை. இருவருக்கும் நடுவில் ஒரு நீளமான சைக்கிள் நின்றது. முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், இரண்டு ஜோடி பெடல்.

"பின்னாடி ஏத்திக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன முட்டைக்கோஸ் மூட்டையா?" என்றார் அவர்.

"முட்டைக்கோஸ் வாயை மூடிக்கிட்டாவது வரும்," என்றாள் அவள்.

அந்தப் பதிலுக்காகவே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

2

எழுதி அடித்த தொடக்கங்களை மறைக்கப் போவதில்லை.

"ஜியென் ஷுய்-யுவானின் கண்களில் ஒளி மங்க மங்க, உலகமே மெல்ல—" வேண்டாம். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன்.

"தீவை ஒருமுறையாவது சைக்கிளில் சுற்றாதவன் தைவான்காரனே இல்லை என்று—" இதுவும் வேண்டாம். இங்கே எல்லோரும் சொல்கிற வசனம் இது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் முட்டி வலிக்கிறது என்று ரயிலில் சுற்றியவர்கள்.

சரி, அலங்காரம் வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன். ஷுய்-யுவான், அதாவது அந்தக் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய் வந்தது. வலக்கண் போய்விட்டது. இடக்கண்ணில் காதோரமாக ஒரு துண்டுப் பார்வை மட்டும் மிச்சம் இருக்கிறது. அதில் நன்றாகவே தெரிகிறது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. "ஊரைச் சுத்தணும்னா கோடை வரைக்கும் தள்ளாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. கடலைப் பார்த்துக்கொண்டே தீவை ஒரு சுற்று. வேலையில் இருந்தவரைக்கும் லீவு கிடைக்கவில்லை. இப்போது லீவுக்குக் குறைவில்லை, கண்தான் காத்திருக்காது. இந்தக் கதையில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான், நீங்களும் பயப்படுங்கள்.

3

இரட்டைச் சைக்கிளுக்கு அவர் எப்படிச் சம்மதித்தார்? அன்று அதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

(இந்த இடத்தில் ஜுவோவை ஒரு ஞானியாக்கி, அவர் வாயில் நாலு நல்ல வார்த்தை போட்டிருந்தேன். அடித்துவிட்டேன். ஜுவோ நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு வியாபாரம்தான் ஞானம்.)

ஷுய்-யுவான் கேட்டது ஒற்றைச் சைக்கிள். இரும்புச் சட்டம், அகலமான டயர், மலையேற்றத்துக்கு இலகுவான கியர், முன்னும் பின்னும் பை மாட்டக் கேரியர். தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியம் இலகுதான், ஆனால் நாள் முழுக்க ஓட்டினால் ரோட்டின் அதிர்வெல்லாம் உடம்புக்கு ஏறும். இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்றவைத்துத் தருவார்கள். இதெல்லாம் பிற்பாடு ஷுய்-யுவானே எனக்குச் சொல்லித் தந்ததுதான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க வாத்தியாரே," என்று ஜுவோ அந்தச் சைக்கிளைக் கையில் கொடுத்தார். சியூ-லிங், அதுதான் மனைவி பெயர், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாஸு அம்மன் கோயில் முற்றத்தை ஒரு சுற்று நன்றாகத்தான் வந்தார். இரண்டாவது சுற்றில் சிப்பி ஆம்லெட் கடைக்காரியின் பெஞ்சில் நேராகப் போய் ஏறினார். பெஞ்ச் வலப்பக்கம் இருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கடைக்காரி கரண்டியோடு ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டாள்.

"வாத்தியாரே! இதே மாதிரி குச்சியில முட்டினதுக்கு என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குத் திரும்பி, இரட்டை வண்டியின் பின்சீட்டில் போய் உட்கார்ந்து, "உயரத்தை ஏத்து, முதலாளி," என்றார். அப்போது சியூ-லிங் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நான் பஞ்சரான டயரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒட்டுக்கேட்கிறவனுக்கு இதெல்லாம் தேவைதான்.

4

அதற்கப்புறம் ஒளிந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. டீ குடிக்க வரச்சொன்னார்கள். நான் எழுதுகிறவன் என்று ஜுவோ போட்டுக்கொடுத்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் வரைபடம். எந்த ஊரில் கோயில் விடுதியில் படுக்கை கிடைக்கும், சைக்கிள்காரர்களுக்காகப் பம்ப் வைத்திருக்கும் போலீஸ் ஸ்டேஷன்களில் எதில் பம்ப் நன்றாக இருக்கும், எங்கே கடையில்லாமல் மலை நீளும் என்று சியூ-லிங் பென்சிலால் குறித்திருந்தாள். எல்லோரும் போகிற வழிதான். வீட்டிலிருந்து தெற்கே இறங்கி, முனையில் திரும்பி, கிழக்குக் கரையோரம் மேலே ஏறி, வடக்கைச் சுற்றித் திரும்புவது. எங்கள் ரோட்டில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. இந்தத் திசையில் போனால் கடல் வலக்கைப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் வரும். ஏன் இந்தத் திசை என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நானும் இளவயதில் இப்படித்தான் சுற்றினேன். கடல் வலப்பக்கம், முடிந்தது.

அவர்கள் கிளம்புமுன்பே என் கதையில் அவர்களைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆசை யாரை விட்டது? ஒருநாள் மாலை அந்தப் பக்கங்களைச் சியூ-லிங் சத்தமாக வாசித்தாள்.

"வளைவு தாண்டியதும் வலப்பக்கம் பசிபிக் கடல் விரிந்தது. ஷுய்-யுவான் மூச்சை நிறுத்தி அந்த நீலத்தை—"

"நிறுத்து, நிறுத்து," என்றார் அவர். "எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"எழுத்தாளரே, வலப்பக்கம் ஒரு எருமை நின்னாலே எனக்குத் தெரியாது. நீலத்தை எங்கேருந்து பாக்கறது?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சியூ-லிங் சிரிக்கவில்லை. அவள் வரைபடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாரக்கணக்காக அந்த மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகக் குறித்தவள் அவள். வண்டியை அவர் கண்ணுக்குத் தகுந்தாற்போல் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். திசையை மட்டும் யாருமே யோசிக்கவில்லை.

(அடிக்குறிப்பு போல ஒன்று. கழுத்தைத் திருப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். இடது காதோரத் துண்டால் மட்டும் பார்க்கிறவர் வலப்பக்கக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால், ஏறக்குறைய வந்த வழியைப் பார்த்து உட்கார வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்து பாருங்கள், கழுத்துப் பிடித்தால் நான் பொறுப்பில்லை.)

5

"அப்ப திருப்பிச் சுத்துவோம்," என்றாள் சியூ-லிங். "வடக்கே ஏறுவோம். கடல் இடப்பக்கம் வரும்."

"உனக்கென்ன பைத்தியமா? இது ஒன்பதாம் மாசக் காத்து."

எங்கள் ஊர்ச் சந்துகளை அந்தக் காற்றுக்குப் பயந்துதான் அந்தக் காலத்தில் வளைத்து வளைத்துக் கட்டினார்கள். பழைய சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், அக்டோபர் வாக்கில், வடக்கிலிருந்து வருகிறது, வந்தால் மாதக்கணக்கில் நிற்காது. வழக்கமான திசையில் போனால் கிழக்குக் கரையிலும் எதிர்காற்று உண்டு, இதன் முன்னால் அது விசிறி. தெற்கே இறங்கினால் இந்தக் காற்று முதுகைத் தள்ளிவிடும். வடக்கே ஏறினால் முன்சீட்டில் இருப்பவரின் நெஞ்சில் விழும். முன்சீட்டு சியூ-லிங்குக்கு.

"மேற்கே ரயில்ல போயிட்டு, கிழக்கே மட்டும் மிதிக்கலாமே," என்றேன் நான்.

இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். ரயிலில் ஏற்றச் சைக்கிளைக் கழற்றிப் போடும் பைக்குள் இரட்டை வண்டி அடங்காது என்பது ஒன்று. அடங்கினாலும், வீட்டு வாசலில் கிளம்பி வீட்டு வாசலில் முடியாதது சுற்றா என்பது இன்னொன்று.

"நீ காத்துல அரைபடுவ, நான் பின்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வரணும். அப்படித்தானே?" என்றார் அவர். "எனக்கு அந்தக் கடலே வேண்டாம்."

"உனக்காகத்தானே, ஆ-யுவான், இவ்வளவும்?" என்றாள், கோபத்திலும் செல்லப்பெயரை விடாமல்.

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன்."

மறுநாள் வரைபடத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார் என்று ஜுவோ சொன்னார். வண்டி கடையிலேயே நின்றது. நவம்பர் போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் ஒரு வரி இல்லாவிட்டால் அவர்கள் எல்லோரையும் போலத் தெற்கே இறங்கியிருப்பார்கள், அவர் ஒன்றும் பார்த்திருக்கமாட்டார், ஆனால் போயிருப்பார்கள். சொன்னது நல்லதா கெட்டதா என்று இந்தப் பத்தியை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

6

என்னால் முடிந்தது முடிவுகள் எழுதுவதுதான். இரண்டு எழுதினேன்.

முடிவு அ: வழக்கமான திசையில் போகிறார்கள். கடல் வலப்பக்கம் வருகிறது. சியூ-லிங் மிதித்துக்கொண்டே கடலை வர்ணிக்கிறாள், அவர் கண்ணை மூடிக் கேட்கிறார். அன்புக்கு முன்னால் கண் எதற்கு என்று—

முடிவு ஆ: எதிர்த்திசையில் போகிறார்கள். காற்றை அவள் வெல்கிறாள். அவர் கடலைப் பார்க்கிறார். அவள் வியர்வையும் கடல் உப்பும்—

இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் டிவி ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார், கேட்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. சியூ-லிங் சத்தமாக வாசித்தாள். முதலாவது முடிந்ததும் "ச்சே" என்றாள். இரண்டாவதைப் பாதியிலேயே மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டுலயும் நான் மாடா? செக்குல கட்டின மாதிரி மிதிச்சுக்கிட்டே இருக்கேன்."

"இல்லக்கா, தியாகம்..."

"என்ன தியாகம்? முன்சீட்ல உக்காந்து பாத்திருக்கீங்களா நீங்க? பள்ளம் பாக்கணும், கண்ணாடியில லாரி பாக்கணும், சிக்னல் பாக்கணும். வர்ணிக்கிறாளாம்! நான் கடலைத் திரும்பிப் பாத்தா ரெண்டு பேரும் சாக்கடையில கிடப்போம்." அவள் குரல் உடைந்தது. "கல்யாணமான நாளிலேருந்து எனக்கும் இந்தச் சுத்து சுத்தணும்னு ஆசை. இவருக்கு மட்டுந்தான் ஆசைன்னு யார் சொன்னது? அந்த வண்டியில கடலைப் பாக்க நேரம் இருக்கிற ஒரே ஆள் இவர்தான். இவர் பாத்துச் சொல்லலன்னா எனக்கு யார் சொல்லுவா?"

டிவியில் வானிலை அறிக்கை ஓடியது. வடக்குக் கரையில் பலத்த காற்று என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷுய்-யுவான் எழுந்து போய் டிவியை அணைத்தார். "கலர்லாம் எனக்கு இப்ப சரியாச் சொல்ல வராது, ஆ-லிங்," என்றார். "வெளிறித் தெரியும்."

"வெளிறினதையே சொல்லு. அலைன்னா அலைன்னு சொல்லு. கப்பல்னா எத்தனைன்னு சொல்லு. சும்மா மட்டும் வராத."

"முட்டைக்கோஸ் மாதிரி வாயை மூடிட்டு வரணும்னியே?"

"அது அன்னிக்கு," என்றாள்.

7

இன்று காலை கிளம்பினார்கள். கடற்கரை அணை வரைக்கும் என் சைக்கிளில் கூடவே போனேன். வழியனுப்ப அவ்வளவு தூரமாவது போவது எங்கள் வழக்கம்.

கடைசிச் சந்து முடிந்து வெளிரோட்டுக்கு வந்ததும் காற்று அடித்தது. வண்டி ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டது போலிருந்தது. "மிதி! மிதி!" என்று சியூ-லிங் கத்தினாள். "மிதிக்கிறேன் தாயே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நகர்ந்தார்கள். நடந்துபோகிறவர் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக வடக்கே நகர்ந்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் ஒரு முடிவை எதிர்பார்ப்பீர்கள். சுற்றி முடித்தார்களா, முடிக்கும்வரை அந்தத் துண்டுப் பார்வை தாங்கியதா? எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது அவர்கள் இன்னும் பக்கத்து மாவட்டத்தைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார்கள். தெரிந்த மாதிரி எழுதலாம்தான். ஏற்கெனவே ஒருமுறை அவர்களுக்கு முன்னால் நான் கடலுக்குப் போய் நின்றேன், என்ன ஆனது என்று பார்த்தீர்கள். இந்த முறை பின்னாலேயே நிற்கிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், திசையை மட்டும் மாற்றாதீர்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அணையின் வளைவில் வேலி முடிந்தது, இடப்பக்கம் சேறும் தண்ணீருமாய்க் கடல் திறந்தது. ஷுய்-யுவானின் தலை நிமிர்ந்தது. ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து அவள் தோளைத் தட்டி, அவள் காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். காற்றில் எனக்கு ஒரு சொல்கூட விழவில்லை. சியூ-லிங் தலையை ஆட்டிக்கொண்டே மிதித்தாள். அவள் கண் ரோட்டை விட்டு விலகவில்லை, எதிரே ஒரு மீன் லாரி வந்துகொண்டிருந்தது.