கடைசி முறுக்கு

தரை கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தும் விமானம் உட்காரவில்லை. ஓடுதளத்தின் பாதியைத் தாண்டி, கருவேலங்காட்டைப் பார்த்து மிதந்துகொண்டே போனது. பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் சோலையம்மாள் எஞ்சினை முழுக்கத் திறந்து மேலே ஏற்றினாள்.

"ராமேஸ்வரம் வரைக்கும் இப்பிடியே தரையொட்டிப் போறதா உத்தேசமா, சதக்?"

சதக்கத்துல்லா விமானத்தை அடுத்த சுற்றுக்குத் திருப்பினான். வாரம் முழுக்க இதே கதைதான். திருப்பம், உயரம், எல்லாம் சரி, இறக்கத்தில்தான் சொதப்பல். இன்றைக்கும் இறக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவதாகப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாரியூர்க் கரையில் வாப்பாவோடு வலை இழுக்க வேண்டியதுதான். சோலையம்மாள் அவனைவிட இளையவள், சிவகங்கைக்காரி. அவனுக்காகச் சண்டை போட்டு இந்தக் காலையை வாங்கித் தந்திருந்தாள்.

கடலின் மேல் வளையும்போது கீழே ஒரு வள்ளம் கரைக்கு வந்தது. மணலுக்குச் சற்று முன்னால் அதன் பின்பக்கம் வெள்ளையாய்க் கொதித்தது. எஞ்சினை முறுக்கி வேகம் கூட்டினார்கள். அந்த நேரம் முறுக்காவிட்டால் அடுத்த அலை வள்ளத்தைக் குறுக்கே புரட்டிவிடும். ஆள் இடுப்பு ஒடியும். விவரம் தெரிந்த நாளாய் அவன் செய்த வேலை. காதருகே இரைச்சல் கூடியது. குனிந்து பார்த்தான். அவன் கையும் தானாகவே எஞ்சின் பிடியை முன்னால் தள்ளி வேகம் கூட்டியிருந்தது.

"மேடம், நா எறக்கவே இல்ல. இத்தன நாளும் கரையேத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

அவளுக்கு விளங்கவில்லை. வள்ளத்தைக் காட்டிச் சொன்னான். கடலில் கால் நனைத்ததோடு சரி, அவள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

"இங்கன பின்னால அலை வரல. பிடியப் பின்னால இழுத்துட்டு, சும்மா இருங்க."

சும்மா இருப்பதுதான் கஷ்டம். தரை நெருங்கியது. பிஸ்மில்லா சொல்லிப் பிடியைக் கடைசிவரை இழுத்தான். சத்தம் அடங்கி, காற்று மட்டும் உரசியது. முதுகுக்குப் பின்னால் அலை எழும்புவதாகவே உடம்பு அலறியது. பிடியைத் தள்ளவில்லை. மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்தான். சக்கரம் முட்டி, எகிறி, மறுபடி முட்டி, ஓடியது.

ஓரமாய் நிறுத்தச் சொன்னாள். கதவைத் திறந்து இறங்கினாள். காலி இருக்கையின் வாரை இழுத்து மாட்டினாள்.

"தனியா ஒரு சுத்து போயிட்டு வாங்க. நா அங்கன நிக்கேன்."

பாரம் குறைந்த விமானம், அவன் பிரேக்கை மிதித்திருந்தும், முன்னால் போகத் துடித்துக்கொண்டிருந்தது.