மேலே வந்த கால்

என் மாமியார் ஆர்வில்லாவுக்கு எதுவும் நடப்பதற்கு முன்பே அதை ஃபிரேம் போட்டுவிட வேண்டும். எட்டு வயதுப் பேத்தி லிண்டிக்கு ஞானஸ்நானம் சனிக்கிழமை. அதற்கு முந்தின வாரமே குழந்தைக்கு வெள்ளை கவுனை மாட்டி, அவள் அப்பன் டெரினுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளை டை கட்டி, கோதுமை வயலுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்தாயிற்று. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தப் படத்தில் டெரின் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இவனா அந்தக் குழந்தையைப் பார்த்து இப்படி உருகுகிறவன்?

நான் மெர்லீன், ஒல்லர்டன் வீட்டின் மூத்த மருமகள். என் புருஷன் ஆல்டனுக்குத் தம்பிதான் டெரின். மாமியார் வீட்டு நடையில் ஒரு சுவர் இருக்கிறது. ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் ஒரு வரிசை. பிறந்ததும் சபையில் பெயர் சூட்டி ஆசீர்வதித்த படம், எட்டு வயதில் ஞானஸ்நானம், பிறகு ஊழியத்துக்குக் கிளம்புகிற படம், கடைசியில் ஆலயத்து வாசலில் கல்யாணப் படம். படம் இல்லாத இடத்தில் வெறும் ஃபிரேம் தொங்கும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குக்கூடக் கல்யாண ஃபிரேம் தயார். நானும் ஐடஹோ மாநிலத்தில் இதே சபையில் பிறந்து வளர்ந்தவள்தான். எட்டு வயதில் முங்கி எழுந்ததை இன்றும் பெரிதாக நினைக்கிறவள். அதனால்தான் இந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு அருவருப்பு. நம்பாதவளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

லிண்டி தண்ணீரைக் கண்டால் நடுங்குவாள். போன கோடையில் அணை ஏரிக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். படகுத் துறையின் ஓரத்தில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையை டெரின் பின்னாலிருந்து தூக்கி எறிந்தான். பயம் தெளியுமாம். அவள் உள்ளே போனாள், வரவே இல்லை. கரையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்டன்தான் பூட்ஸோடு குதித்து இழுத்து வந்தார். அன்று சாயங்காலமே அந்த வீடியோ குடும்பக் குழுவில் வந்தது, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அன்றிலிருந்து அந்தக் குழந்தை தலையைத் தண்ணீருக்குள் விட்டதே இல்லை. அவள் அம்மா கேமி முகத்தில் துணியை வைத்து மூடி, கோப்பையால் தண்ணீர் ஊற்றித்தான் தலைக்குக் குளிப்பாட்டுவாள்.

வயல் படம் எடுப்பதற்கு முன்பு ஒரு திங்கட்கிழமை குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது லிண்டி சமையலறையில் என்னிடம் ஒட்டிக்கொண்டாள்.

"பெரியம்மா, என்னைத் தண்ணில இறக்கறது அப்பாவாதான் இருக்கணுமா?"

"கட்டாயமில்லடி. ஆசாரியத்துவம் இருக்கற சபை ஆம்பளைங்க யாரு வேணா இறக்கலாம்."

"அப்ப பெரியப்பா இறக்கட்டும். அவர் சொல்லிட்டுத்தான் செய்வாரு."

இதை நான் மேஜையில் சொன்னேன். டெரின் வாய் நிறைய கேக்கோடு சிரித்தான். "எட்டு வயசுல மேடத்துக்கு ஆள் தேர்வு நடக்குதா?" என்றான். கேமி வழக்கம்போலப் புன்னகைத்துக்கொண்டு தட்டைத் துடைத்தாள். மாமியார் முகம் வெளுத்துப்போனது.

"அதெப்படி? வயல்ல போட்டோ எடுக்க டெரினுக்குத்தானே சொல்லியிருக்கு?"

"அத்தை, போட்டோக்காகவா ஞானஸ்நானம்?"

"உனக்கு எல்லாத்துலயும் குத்தம்தான் மெர்லீன்."

நான் ஆல்டனைப் பார்த்தேன். அவர் கேக்கைப் பார்த்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும், "நமக்கெதுக்கு வம்பு?" என்றார். ஏரியில் பூட்ஸோடு குதித்த மனுஷன், தன் அம்மா முன்னால் முட்டிவரை தண்ணீரில்கூட இறங்க மாட்டார்.

சனிக்கிழமை சபைக் கட்டடம் நிரம்பிவிட்டது. ஞானஸ்நானத் தொட்டி இருக்கிற அறையில் குளோரின் நாற்றம், ஈரக் கார்ப்பெட் நாற்றம், நாத்தனார்கள் பூசிக்கொண்டு வந்த வாசனைத் தைலம் எல்லாம் கலந்து மூச்சு முட்டியது. ஒரு நாத்தனார் ஞானஸ்நானம் பற்றிப் பேசினாள், குறித்து வைத்த இடத்தில் சரியாக அழுதாள். பிறகு மாமனார் ரூலன் எழுந்தார். எங்கே எழுந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"ஒல்லர்டன் குடும்பத்துல இருபத்தாறு பேரப்பிள்ளைங்க தொட்டில இறங்கியிருக்காங்க. ஒருத்தர்கூட ரெண்டாந்தடவ முங்கினதில்ல. இது எங்களுக்குக் கர்த்தர் குடுத்த பெருமை!"

எங்கள் வழக்கத்தில் ஆள் முழுசாக முங்க வேண்டும். ஒரு கற்றை முடி, ஒரு கால் விரல், கவுனின் ஓரம் வெளியே நின்றாலும் அது செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும். அதைப் பார்க்கத்தான் தொட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். முன்பெல்லாம் ஆண்கள் மட்டும். இப்போது பெண்களும் நிற்கலாம். ஒரு பக்கம் மாமனார். இன்னொரு பக்கம் நான், லிண்டி கேட்டுக்கொண்டதால். மாமியாருக்கு அதிலும் வருத்தம்தான். நான் போட்டிருந்த நீல உடை மற்றவர்களின் இளஞ்சிவப்போடு ஒட்டவில்லையாம்.

லிண்டி படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். உதடு நீலமாக இருந்தது, தண்ணீரோ வெதுவெதுப்பு. டெரின் முதல் வரிசைக் குழந்தைகளைப் பார்த்துக் கண்ணடித்தான். ஜெபம் சொல்லப் போகிறவன் இவன். வலது கையைத் தூக்கி, அவள் முழுப் பெயரைச் சொல்லி, ஏலம் விடுகிறவன்போல மளமளவென்று ஜெபத்தை முடித்தான். அவள் மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அது மூக்குக்குப் போவதற்குள் ஆமென் சொல்லி அவளைப் பின்னால் அழுத்திவிட்டான்.

தண்ணீர் கலங்கியது. அவள் உதறினாள். ஒரு பாதம், முழுப் பாதம், குதிகாலோடு மேலே வந்து காற்றில் உதைத்தது. அவன் அவளைத் தூக்கி நிறுத்தினான். அவள் இருமினாள். இருமி இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். பின்னால் யாரோ "அடடா, எவ்வளவு அழகு" என்றார்கள்.

மாமனார் தலையை ஆட்டினார். "ஆச்சு. நல்லா ஆச்சு."

பிஷப் ஹாட்ச் என்னைப் பார்த்தார். எங்கள் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது; இவர் பிழைப்புக்கு டிராக்டர் விற்கிறவர், நல்ல மனிதர், ஆனால் ஒல்லர்டன்கள் நிறைய டிராக்டர் வாங்குகிறவர்கள்.

"கால் மேல வந்துச்சு," என்றேன்.

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் பால்கூடத் திரிந்துவிடும்.

"நான் பாக்கலையே."

"மாமா, உங்க கண்ணு முன்னாலதான் உதைச்சா."

"தண்ணி தெறிச்சத நீ காலுன்னு நினைச்சிருப்ப."

"தண்ணிக்கு அஞ்சு விரலா இருக்கு?"

முன்வரிசையில் ஒரு பையன் கொல்லென்று சிரித்தான். அவன் அம்மா தொடையில் கிள்ளினாள். பிஷப் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரெண்டு சாட்சியும் ஒத்துப்போகணும். கொஞ்சம் பேசிட்டு வாங்க," என்றார்.

பேசுவதா? மாமியாரும் இரண்டு நாத்தனார்களும் என்னை நடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "குழந்தை எப்படி நடுங்குது பாத்தியா? மறுபடி அவளை முக்கணும்னு சொல்றியே, நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றாள் ஒருத்தி. ஏரி வீடியோவுக்கு முதல் சிரிப்புப் பொம்மை போட்டவள் இவள்தான். அவள் முகத்தில் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது என்னைத் தைத்தது. நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குழந்தை இனிமேல் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. மாமனாரின் பெருமையும் பிழைக்கும். அந்தப் பெருமைக்காக நான் சொல்ல மாட்டேன், அவளுக்காகச் சொல்லலாமே என்று மனம் சாய்ந்தது.

உடை மாற்றும் அறைக்குப் போனேன். லிண்டி ஈரக் கவுன்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேமி பக்கத்தில் நின்று அவள் முடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"லிண்டி, கால் உள்ளதான் இருந்துச்சுன்னு நான் சொல்லிட்டா இதோட முடிஞ்சிடும். சொல்லட்டுமா?"

"மேல வந்துச்சு பெரியம்மா. நான்தான் உதைச்சேன்."

"தெரியும்டா. உனக்குப் பயமா இருந்தா..."

"சொல்லாதீங்க." துண்டை இழுத்துப் பிடித்தாள். "சொன்னீங்கன்னா இதுதான் என்னோட ஞானஸ்நானமா ஆயிடும். சாகற வரைக்கும் எனக்கு இது ஒண்ணுதான இருக்கும்?"

கேமியின் கை முடியிலேயே நின்றுவிட்டது. நான் வெளியே போய்ப் பிஷப்பிடம், "வந்துச்சு. செல்லாது," என்றேன். மாமனார் அவர் பக்கத்திலிருந்து, "செல்லும்," என்றார். பிஷப் பெருமூச்சு விட்டு, முதலில் எல்லோரும் சாப்பிடலாம் என்றார். எங்கள் ஆட்களுக்கு எந்தச் சிக்கலுக்கும் இதுதான் மருந்து.

கூடைப்பந்து ஆடுகிற பெரிய கூடத்தில் மேஜை போட்டிருந்தது. துண்டு போட்ட பன்றிக்கறி, சாவு வீட்டு உருளைக்கிழங்கு என்று நாங்களே பெயர் வைத்திருக்கிற, பாலாடையில் மிதந்து மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கிய பதார்த்தம், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. அந்த ஜெல்லியை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னால் வாயில் வைக்க முடிந்ததில்லை, அன்று பார்க்கவே சகிக்கவில்லை. கேக்குக்குப் பக்கத்தில் ஃபிரேம் நின்றது. கோதுமை வயல், டெரின், லிண்டி, கீழே தங்க எழுத்தில் அன்றைய தேதி. எல்லோரும் அதைப் பார்த்து மெச்சிவிட்டுத் தட்டை நிரப்பினார்கள். டெரின் தலை துவட்டி, சீவி, வாழ்த்துகளுக்குக் கை குலுக்கிக்கொண்டிருந்தான். குழந்தை இன்னும் ஈரத் தலையோடு நிற்கிறாள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. கூட்டமாகச் சேர்ந்து பொய்யை மென்றுகொண்டிருந்தார்கள்.

லிண்டி ஆல்டனின் மேஜைக்குப் போனாள்.

"பெரியப்பா, தொட்டில தண்ணி இன்னும் இருக்கு. யாரும் திறந்து விடல. நான் பாத்துட்டு வந்தேன்."

ஆல்டன் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு உருளைக்கிழங்கைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டு முடிங்க. நான் நிக்கறேன்," என்றாள்.

நின்றாள். அவள் கவுனிலிருந்து தண்ணீர் அவர் ஷூவுக்குப் பக்கத்தில் சொட்டியது. ஒரு வாய் எடுத்தார், மென்றார், அது இறங்கவில்லை. நான் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். எழுந்திருய்யா, எழுந்திரு. அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வா."

டெரின் குறுக்கே வந்தான். "அண்ணா, என்ன இது? எம் பொண்ணு, ஏற்கெனவே ஆயிடுச்சு, எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்தறீங்களா?"

"ஆகல," என்றாள் கேமி. அவள் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. "அவ அம்மா நான் சொல்றேன். ஆகல. பிஷப், எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

பிஷப் மாமனாரைப் பார்த்தார், கேமியைப் பார்த்தார், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, நடக்கட்டும்," என்றார். மாமனார் நாற்காலியை விட்டு அசையவில்லை. இன்னொரு துண்டு கறி கேட்டார்.

சபையில் இருந்த வெள்ளை உடை ஆல்டனுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. சிரிக்க ஆளில்லை. தொட்டி அறையில் பிஷப்பும் நாங்களும் மட்டும்தான். ஒரு பக்கம் நான் குனிந்தேன், இன்னொரு பக்கம் கேமி.

"முதல்ல ஜெபம் சொல்லுவேன்," என்றார் ஆல்டன். "அப்புறம் நீ மூக்கைப் பிடிச்சுக்க. நீ தலையாட்டினாத்தான் சாய்ப்பேன். ஆட்டலன்னா இப்படியே நிப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"எனக்கென்ன வேலை இருக்கு?"

ஜெபத்தை மெதுவாகச் சொன்னார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டவில்லை. நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேக் வெட்டிக் கை தட்டுகிற சத்தம் கேட்டது. நாற்றமெடுத்த கைதட்டல். ஆல்டன் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அவள் கண்ணை மூடினாள், திறந்தாள், தலையாட்டினாள்.

அவர் அவளைச் சாய்த்தார். முகம் போனது, முடி போனது, கவுனின் ஓரம் மிதக்கப் பார்த்து அதுவும் போனது. கால் விரல் பத்தும் தண்ணீருக்குள்ளே தெரிந்தன. எழுந்ததும் முதல் மூச்சிலேயே என் பக்கம் திரும்பினாள்.

"காலு?"

"உள்ள," என்றேன்.

"உள்ளதான் இருந்துச்சு," என்றாள் கேமி, அழுதுகொண்டே.

அந்தக் கோதுமை வயல் ஃபிரேம் இன்றும் மாமியார் வீட்டு நடையில் தொங்குகிறது. மாமனார் கூட்டங்களில் இருபத்தேழு பேர், ஒருவர்கூட இரண்டாம் தடவை முங்கியதில்லை என்கிறார், நாத்தனார்கள் தலையாட்டுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரைத் தாண்டும்போது ஃபிரேமுக்கு முன்னால் நின்றுவிட்டேன். அதைக் கழற்றிக் குப்பையில் போடப் போகிறேன் என்று லிண்டியிடம் சொன்னேன்.

"வேணாம் பெரியம்மா, இருக்கட்டும்," என்றாள். எட்டிப் பார்த்து, கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள். "பாருங்க. அதுல என் முடி காய்ஞ்சே இருக்கு."