ஓரெழுத்து கூடிப்போன அட்டை

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் கண். அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தினேன். என் அனுமதியில்லாமல் ஒரு காற்புள்ளி தும்மியதுகூடக் கிடையாது. ஓய்வுபெற்ற அன்று, வாய் நிறைய கேக்கோடு, கடைசித் தாளைப் பார்த்து 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நோயாளிகளுக்குக் கொடுக்க ஆலயத்தில் கேட்டிருந்த அட்டை அது. கடவுள் சொல்வதாக ஒரே வரி: நான் உன்னைக் கைவிடேன்.

அச்சாகி வந்தது: நான் உன்னைக் கைவிடுவேன்.

இரண்டாயிரம் அட்டைகள்!

[இருநூறு. என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கும் மனைவி திருத்துகிறாள். "புளுகுனாலும் ஒரு அளவு வேணாமா?"]

போதகர் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஓடி நூற்றுத் தொண்ணூற்றொன்பதைத் திரும்ப வாங்கிவிட்டார். ஒன்று மட்டும் அகப்படவில்லை. எந்தக் கட்டிலில், யார் கையில் இருக்கிறதோ தெரியாது. தெரியாததால் உட்கார முடியவில்லை. உட்கார முடியாததால் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

2

தொடக்கம் அ: வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். ஆஸ்பத்திரிக் கதை என்றாலே எனக்கு மழை வந்துவிடுகிறது.)

தொடக்கம் ஆ: அவன் இறந்த மறுநிமிடம் அட்டை அவள்

(ஐயோ, முதல் வரியிலேயே கொலையா? இவனை உயிரோடு வைத்துக்கொள்வோம்.)

தொடக்கம் இ: தையல்காரி ஒருத்தி. அவள் கணவன் லாரி ஓட்டுநர். நாற்பத்தொரு நாளாகப் படுக்கை. மூளையில் ரத்தக் குழாய் அடைத்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். 'சரி.'

3

"பதினாறு வருஷ வாழ்க்கையில ஒரு நாள் சொல்லாத வார்த்தை," என்று நர்ஸிடம் சொன்னாள் தையல்காரி. "இப்ப நாள் பூரா சொல்றாரு. பெட்ஷீட் மாத்தட்டுமா? சரி. தண்ணி வேணுமா? சரி. என்னைத் தெரியுதா? சரி."

நர்ஸ் சிரித்தாள். தையல்காரியும் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாற்பத்தொரு நாளும் அவள் ஜெபித்திருந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்து, மாடிப்படியில் உட்கார்ந்து, மாத்திரை வாங்கும் வரிசையில் நின்று. கணவன் எழுந்திருக்க வேண்டும் என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும்: கடவுள் இன்னும் தன்னோடு இருக்கிறாரா, போய்விட்டாரா?

அன்று காலை, தலையணை மேல் அட்டை.

படித்தாள். அழவில்லை. "அதான் தெரியுமே," என்றாள். "இதுக்கு அட்டை வேற அடிக்கணுமா?" கணவன் பக்கம் திரும்பி, "கைவிட்டுடுவாராம்," என்றாள்.

"சரி," என்றான் அவன்.

4

இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். அவளை அழவைத்தேன், அது பொய்யாக இருந்தது. போதகரை உள்ளே அனுப்பினேன். மனிதர் அரைமணி நேரம் பேசிவிட்டார். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.*

* போகும்போது அவர் சொன்ன ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. "கைவிடேன்"-இல் 'இல்லை' என்று ஒரு சொல்லே கிடையாது. ஏதோ ஒன்று விடுபட்ட மாதிரி இருக்கும். எழுத்துக் கோத்தவனும் அப்படித்தான் நினைத்து ஒன்றைச் சேர்த்துவிட்டான். விடுபட்ட இடத்தில்தான் வாக்கு இருக்கிறது. நானோ, மனப்பாடமான வரி என்று கண்ணை மூடிவிட்டேன்.

மனைவிதான் வழி சொன்னாள். "அவ தையல்காரிதானே? தையல் தப்பானா உக்காந்து அழுவாளா? பிரிப்பா."

தையல்காரி பைக்குள் கைவிட்டு, நூல் பிரிக்கிற அரை பிளேடை எடுத்தாள். ஜன்னலோரம் போய், கடைசி எழுத்தின் மேலிருந்த புள்ளியைச் சுரண்டினாள். பேனாவால் பக்கத்தில் ஒரு கால் போட்டாள். ஒரு கேள்விக்குறி.

நான் உன்னைக் கைவிடுவேனா?

கணவனின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே அதை உரக்கப் படித்தாள். கோபித்துக்கொள்கிற குரலில்தான் வந்தது. "உன்னைப் போய் நான் கைவிடுவேனா? ம்?"

துடைத்த கை நின்றது. அவனிடம்தான் சொன்னாள். ஆனால் அதே குரலில், அதே கோபத்தில், தன்னிடமும் யாரோ கேட்டதுபோல் இருந்தது. இத்தனை நாள் இங்கேயேதான் இருந்தேன், என்னைப் பார்த்து இப்படி நினைத்துவிட்டாயே என்று.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். முதல் முறையாக, அவள்.

5

முடிவு அ: அவன் எழுந்து நடந்தான். (கிழவனின் ஆசை. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: இங்கேயே முடிந்தது என்று பேனாவை மூடினேன்.

"அவ நீங்க பண்ணின பொம்பள," என்றாள் மனைவி. "அவளுக்குச் சரியாயிடுச்சு. நெசமாவே அட்டையை வெச்சிருக்கறவங்களுக்கு?"

ஆகவே, அந்த ஒருவருக்கு: பிழை என்னுடையது, கடவுளுடையதல்ல. அவர் சொன்னதில் ஓரெழுத்து குறைவு. என் கை உங்கள் கட்டில்வரை நீளாது. அதனால் அட்டையை இங்கே மறுபடி அச்சிடுகிறேன், கடைசி எழுத்தை விட்டுவிட்டு. பேனா உங்களிடம் இருக்கும்.

நான் உன்னைக் கைவிடுவே