பளபளப்பான இடத்தில் ஒரு பொட்டு

கமலவேணி அக்காவின் உச்சந்தலையில் மூன்று தையல் விழுந்த அன்று, ஏனாத்தூர் கல்லூரி வாசலில் டிபன் சாப்பிட நின்ற அத்தனை பேருக்கும் என் பெயர் தெரிந்துபோனது. "ஜெபகுமாருன்னு ஒரு மெக்கானிக். அவன் மாட்டின டிக்கி ஷாக்குதான் இது" என்று ரத்தம் வழிய வழியச் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றும்போதும் சொன்னாராம். தையல் போட்ட நர்சிடமும் சொன்னாராம். பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்தி எனக்குக் கிடைக்காத விளம்பரம் ஒரே காலையில் கிடைத்தது.

அவரிடம் இருப்பது 2007 மாடல் வேன். அதன் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். தூக்கி நிறுத்தினால் அதுதான் அவர் கடைக்குக் கூரை. கதவின் இரண்டு ஓரத்திலும் கேஸ் அடைத்த குழாய் ஒவ்வொன்று இருக்கும். குழாய்க்குள் பளபளப்பான ஒரு கம்பி போய் வரும். கதவின் பாரத்தைத் தாங்குவது அவை இரண்டும்தான். டிக்கி ஷாக் என்போம். அந்தக் கூரைக்குக் கீழே கமலவேணி அக்கா இட்லியும் பொங்கலும் எடுத்துக் கொடுக்க, அவர் கணவரின் தம்பி மனைவி ஜீவிதா தோசை ஊற்றுவாள். அந்த ஒரு கதவை நம்பி இரண்டு குடும்பங்கள் இருந்தன.

நல்ல ஷாக் நாலைந்து வருஷம் உழைக்கும். இந்த வண்டிக்கு நான் தை மாதம் மாட்டிய ஜோடி ஆடிக்குள் தொங்கிவிட்டது. அதை எனக்கு விற்றவர் ரயில்வே ரோட்டில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் வேணுகோபால். பத்து வருஷமாக அவரிடம்தான் சாமான் வாங்கினேன். ஆடியில் ஷாக் தொங்கிய அன்று நேராக அவர் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், "டூப்ளிகேட் விக்கிறதுக்கு நீ வேற ஏதாவது தொழில் பண்ணலாம்" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போய்ச் சேர்ந்துவிடும், மூளை அடுத்த பஸ் பிடித்துத்தான் வரும். வேணுகோபால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாவது ஜோடியைச் சென்னைக்கே போய் வாங்கி வந்தேன். அதுதான் கார்த்திகையில் அக்காவின் தலையில் இறங்கியது.

கல்லூரி வாசலில் இருக்கும் செக்யூரிட்டி நல்ல மனிதர். இருந்தாலும் அவருக்கு மேலே ஆள் இருக்கிறது. இன்னொரு தடவை கதவு விழுந்தால் வண்டி அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். எதிர்ப்பக்கம் ஒரு பிரியாணி வண்டிக்காரன் அந்த இடத்தின்மேல் ஒரு வருஷமாகக் கண் வைத்திருந்தான். ஆக, திங்கட்கிழமை காலை கதவு நிற்க வேண்டும், நின்றபடியே இருக்கவும் வேண்டும்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பெண்களும் வேனோடு வந்தார்கள். அக்காவின் தலையில் கட்டு. கதவுக்கு முட்டுக்கொடுக்க, வீட்டில் கிடந்த பழைய தறிக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று முழ நீளம், நல்ல தேக்கு.

"ஏம்பா ஜெபா, மூணாவது தபா வந்துக்கினு இருக்கேன். உன் கைல ஏதோ கோளாறு இருக்குதா, இல்ல என் தலைல எழுதியிருக்குதா?"

"தலைல எழுத்து இருந்திருந்தா தையல் போட்டப்போ தெரிஞ்சிருக்கும்க்கா. நகரு, பாக்கறேன்."

கட்டையை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தேன். இடது பக்க ஷாக் செத்துக் கிடந்தது. ஒற்றை விரலால் அழுத்தினால் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அது செத்ததும் முழு பாரமும் வலது பக்கத்துக்குப் போயிருக்கிறது. கதவு கோணலாக முறுக்கிக்கொண்டு, வலது பக்க பிராக்கெட்டைத் தகரத்தோடு பிய்த்திருக்கிறது. விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் இடது பக்கம் ஏன் செத்தது என்பதற்குப் பதில் அதில் இல்லை.

கிளிப்பை நெம்பிக் கழற்றினேன். கம்பி எண்ணெய்க் கசிவோடு இருந்தது. குழாயின் வாயில் இருக்கும் ரப்பர் சீல் கிழிந்தால்தான் அப்படிக் கசியும். சீல் ஏன் கிழிய வேண்டும்? வெள்ளைத் துணியால் கம்பியைத் துடைத்தேன். துணியில் மஞ்சளும் சிவப்பும் ஒட்டியது. விரலில் வைத்துத் தேய்த்தேன். நறநறவென்றது.

சந்தனம், குங்குமம். கதவு தூக்கி இருக்கும்போது கம்பி வெளியே நீட்டியிருக்கும். அதில் பொட்டு வைத்தால் காய்ந்து மண்ணாகும். கதவை மூடும்போது கம்பியோடு சேர்ந்து அந்த மண்ணும் சீலுக்குள் போகும். காலையில் ஒரு தடவை, கடை முடிந்ததும் ஒரு தடவை என்று ஐந்து மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். எந்த ஊர் ஷாக்காக இருந்தாலும் தாங்காது.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. திருடன் அகப்பட்டுவிட்டான், அது நான் இல்லை.

"யார் இதுல பொட்டு வெச்சது?"

ஜீவிதா மெதுவாக, "நான்தாண்ணா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெப்பேன்" என்றாள்.

"கம்பியிலயா வெப்பாங்க? அறிவு இருக்குதா உனக்கு? ஸ்டியரிங் இருக்குது, முன்னாடி நம்பர் பிளேட் இருக்குது, அங்கல்லாம் இடம் இல்லியா? உன் பக்திக்கு உங்க அக்கா மண்டை உடையணுமா?"

கமலவேணி அக்காவுக்கு இது போதுமானதாக இருந்தது. "அடிப்பாவி, கூடவே இருந்துக்கினு குழி பறிச்சியா? உன்னால ஊரு பூரா இந்த ஆளப் போய் ஏசிக்கினு இருந்தேனே" என்று ஆரம்பித்தவர், மூச்சு வாங்க நின்று, தொண்டை காய்ந்துபோய் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். அங்கேயும் நிறுத்தவில்லை. என் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஜீவிதாவின் பெயர் இருந்தது. அது மட்டும்தான் வித்தியாசம்.

ஜீவிதா கட்டையைப் பிடித்தபடியே நின்றாள். அழவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? தை மாசம் மாட்டினீங்களே, அன்னிக்கு நீங்கதான் இங்க முதல் பொட்டு வெச்சீங்க. ஆடியிலயும் நீங்கதான் வெச்சீங்க. அதுதான் வெக்கிற இடம் போலன்னு நெனச்சேன். அழிஞ்சிதுன்னா அதே எடத்துல திருப்பி வெப்பேன்."

அவள் என் அலமாரியைப் பார்க்கவில்லை. நான்தான் திரும்பிப் பார்த்தேன். ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் என் பித்தளைக் கிண்ணம் இருந்தது.

அந்தக் கிண்ணத்துக்கு ஒரு கதை உண்டு. நான் கடை திறந்த முதல் மாதம், பிரேக் வேலை முடிந்த வண்டியை எடுக்க வந்த ஒருவர், புதுச் சாமானில் பொட்டு இல்லை என்று முகம் சுளித்தார். "வேதக்காரன் கடை, வேற எப்படி இருக்கும்" என்று உடன் வந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன். மறுநாளே சன்னதித் தெருவுக்குப் போய்ச் சந்தனப் பொடியும் குங்குமமும் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து நான் மாட்டும் எந்தப் புதுச் சாமானும் பொட்டு இல்லாமல் இந்த ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போனதில்லை. எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் ஒரு தடவை இதைப் பற்றிக் கேட்டார். பெயிண்டுக்கு முன்னால் பிரைமர் அடிப்பது போலத்தான் ஐயரே என்றேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஜெபகுமார் மாதிரி மரியாதை தெரிந்த ஆள் கிடையாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமைதான். பொட்டை எப்போதும் பளபளப்பான இடமாகப் பார்த்து வைப்பேன். அங்கேதான் எடுப்பாகத் தெரியும்.

மற்ற வண்டிகள் தப்பித்ததற்குக் காரணம், அவற்றில் வாரா வாரம் புதுப்பிக்க ஜீவிதா இல்லை. டிக்கியையும் யாரும் தினமும் திறந்து மூடுவதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, டூப்ளிகேட் எதுவும் விற்காத வேணுகோபால் அன்று கண்ணாடி துடைத்தது உறுத்தியது.

"அக்காகிட்ட இத சொல்லாதீங்கண்ணா" என்றாள் ஜீவிதா. "என்ன ஏசிட்டு மறந்துடுவாங்க. உங்க பேரு கெட்டா யாரு வண்டி விடுவாங்க? எங்களுக்குத் திங்கக்கிழமை கதவு நின்னா போதும்."

சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலையைப் பார்க்கிறவன் போலக் குனிந்துகொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எங்கள் அம்மா சொல்வார். பாவம் கிடந்த இடத்தில் அன்று நான் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பிய்ந்த இடத்தைச் சுற்றித் துருவை அறுத்து எடுத்தேன். தகரம் பிஸ்கட்டாக உதிர்ந்தது. நல்ல இரும்பு வரும்வரை அறுத்து, உள்பக்கம் கனமான தகட்டை வைத்து வெல்டிங் வைத்தேன். ஆறியதும் புது பிராக்கெட்டை முடுக்கினேன். வலது பக்கம் பிய்ந்திருந்தால் இடதுபக்க பிராக்கெட்டும் களைத்துத்தான் இருக்கும் என்று அதையும் மாற்றினேன். மூன்றாவது ஜோடி ஷாக்கை, கதவு மூடும்போது கம்பி கீழ்நோக்கி வரும்படி மாட்டினேன். கிளிப் உட்கார்ந்த சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. கட்டையை எடுத்ததும் கதவு தானாகவே ஒரு சாண் உயர்ந்து நின்றது.

அக்கா டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்தார். கதவை ஏற இறங்கப் பார்த்தார். கிட்டே வரவில்லை. கை தானாகத் தலைக்கட்டுக்குப் போனது. அவருக்குப் பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் அவர் போட்ட சத்தம் எல்லாமே அந்தப் பயம்தான். கதவு நின்றாலும், அதற்குக் கீழே அவர் நிற்காவிட்டால் கடை ஏது?

"ஜீவிதா, நீ போய் கீழ நில்லு" என்றார். "நீ பண்ண வேலைதான. கதவ நாலு தபா ஆட்டிப் பாக்கறேன். விழுந்தா உன் தலைல விழட்டும்."

ஜீவிதா போய் நின்றாள்.

அவள் போன விதம்தான் என்னை உலுக்கியது. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. நான் அவளை நகர்த்திவிட்டு, கதவின் பூட்டு நேராக உச்சந்தலையில் வரும்படி நின்றேன்.

"ஆட்டுக்கா."

"நீ ஏம்பா நிக்கற?"

"நான்தான் வெச்சேன். மொதல் பொட்டு தையில நான் வெச்சேன், ஆடியிலயும் நான்தான். இந்தப் பொண்ணு நான் வெச்ச எடத்துலயே வெச்சிருக்குது, அவ்ளோதான். உன் மூணு தையலும் என் கணக்கு. ஊர்ல நீ சொன்னது பொய் இல்ல."

டீக்கடைக்காரன் கண்ணாடி டம்ளர் கழுவுவதை நிறுத்தினான். கமலவேணி அக்கா என்னைப் பார்த்தார், ஜீவிதாவைப் பார்த்தார். பிறகு கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் ஆட்டினார். நாலு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை. தொங்கியும் பார்த்தார். கோபத்தைத் தீர்க்கிறாரா, சோதிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கதவு இறங்கி இறங்கித் திரும்ப ஏறியது. என் தலையில் படவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவுக்குக் கீழே என் பக்கத்தில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். ஜீவிதாவையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

"பொட்டு வெக்காத எப்படிபா வண்டிய எடுக்கறது?" என்றார்.

"வேணாம்க்கா."

"கிண்ணத்த எடு, ஜீவி."

ஜீவிதா எடுத்து வந்தாள். அக்கா சந்தனத்தைக் குழைத்தார். எனக்கு முன்தலையில் முடி கொட்டிப் பல வருஷம் ஆகிறது. சாயங்கால வெயிலில், வேர்வையில், அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா எட்டி, சரியாக நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

"பளபளன்னு இருக்கற எடத்துலதான எடுப்பா தெரியும். இங்க வெச்சா எதுவும் தேயாது. திங்கக்கிழமை வந்து சாப்ட்டுட்டுப் போ."

ஜீவிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேன் கிளம்பிப் போயிற்று. தறிக்கட்டையை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு, சபைக்குப் போக வேண்டும். அதற்குள் பொட்டைத் துடைத்துக்கொள்ளலாம். இப்போது நேரம் இல்லை, வேணுகோபால் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். துடைக்காமலேயே பைக்கை எடுத்தேன்.